அரைப்பேர்

குரங்கின் கைப் பூமாலை என்று பழமொழி சொல்லுவார்கள். அந்தப் பூமாலை நம்முடையதாகவும் இருக்கக்கூடும் என்பதை 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆந் திகதி முற்பகல் வரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி கடந்து சிறிது நேரத்தில், பாணந்துறை உப மின்நிலையத்தினுள் ஒரு குரங்கு புகுந்து மின்மாற்றியைத் தீண்டிற்றாம். பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை நாடு முழுவதும் ஒரே நொடியில் மின்சாரம் அற்றுப்போயிற்று. முன்னொரு யுகத்தில் வந்த குரங்கு இலங்கைக்குத் தீயிட்டு ஊரெங்கும் வெளிச்சமாக்கிவிட்டுப் போனது. இந்தக் குரங்கு இருளாக்கியது. பட்டப்பகலில் இருள் ஏது என்று வாசகர்கள் கேட்கலாம். நமக்கு இருண்டது உண்மை.

நாம் வசிப்பது இரத்தினபுரி மாவட்டத்தில், தேயிலை முடிந்து இறப்பர் தொடங்கும் ஒரு மலைச்சரிவின் அடியில். தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டே நாட்கள் இருந்தன. வீட்டில் உள்ளவர்கள் வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். வாளி எடுக்கும் வேலைக்கு நம்மையும் அழைத்தார்கள். “இதோ, பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டு நமது பழைய கணினியின் முன் அமர்ந்திருந்தோம். அந்தப் பத்து நிமிஷம் முடிய நான்கு மாதங்கள் சென்றன.

அந்தக் கணினியில் இருந்தது நமது சொத்தன்று. 2019ஆம் ஆண்டு முதல் நமது கல்லூரித் தமிழ் மன்றத்து மாணவ மாணவியர் விடுமுறை நாட்களில் தோட்டந்தோட்டமாக நடந்து சேர்த்த சரக்கு அது. பலாங்கொடை, கஹவத்தை, இறக்குவானைப் பக்கங்களிலும், அப்பால் கேகாலை மாவட்டத்தில் தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கங்களிலும் உள்ள லயங்களுக்குப் போய், கிழவர் கிழவியரின் குரலைப் பதிந்து வந்தார்கள். கொழுந்து மலையில் பாடியது, தாலாட்டு, ஒப்பாரி, மாசியில் ஆடும் காமன் கூத்தின் பாட்டு எல்லாம் அதில் உண்டு. அவர்கள் இரும்புப் பெட்டிகளின் அடியில் வைத்திருந்த பழைய கடதாசிகளையும் படமெடுத்தார்கள். பிறப்புச் சான்றிதழ், பத்துச்சீட்டு, கடல் கடந்து போனவர்களின் கடிதம், போகாமல் நின்றவர்களின் கடவுச்சீட்டு. நாலாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். அறுபத்து மூன்று ஒலிப்பதிவுகள்.

அவற்றுள் ஒன்று, தெஹியோவிட்டவுக்கு மேலே ஓர் இறப்பர்த் தோட்டத்தில் ஐம்பது வருடம் பால்வெட்டிய ஒரு கிழவி பாடிய தாலாட்டு. பதினொரு நிமிஷம் நீளம். கிழவி 2024 மாசியில் காலமானார். ஆண்டுத் திவசத்துக்கு அந்தக் குரலைக் கேட்க வேண்டும், ஒரு பிரதி தாருங்கள் என்று பேத்தி கேட்டனுப்பியிருந்தாள். பிரதி எடுத்துக் கொடுத்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை. நாமோ ஆசிரியர், ஒழுங்கற்றதை ஒருவர் கையில் கொடுக்க மனம் வராது. எண்களாகக் கிடந்த கோப்புகளுக்கெல்லாம் ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இட்டு, தோட்டவாரியாகப் பிரித்து அடுக்கிய பிறகே கொடுப்பது என்று தொடங்கினோம். கணினி பெயர்களை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்த அந்தக் கணத்திலேதான் பாணந்துறையில் குரங்கு கையை நீட்டியது.

மின்சாரம் நிற்பது நமக்குப் புதிதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. அக்காலத்தில் இக்கணினிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. இன்ன நேரத்தில் நிற்கும் என்று அட்டவணை வந்தது. அதற்கு முன் முறைப்படி அணைத்து வைத்தோம். சொல்லிக்கொண்டு வரும் விருந்தாளியால் வீட்டாருக்கு இடரில்லை.

சொல்லாமல் வந்தால் என்ன நேரும் என்பதை விளக்க, தோட்டத்து அலுவலகத்தையே உதாரணமாகக் காட்டலாம். மலையில் வேலை செய்பவர்களுக்குக் கணக்கப்பிள்ளை தம் கைப்புத்தகத்தில் பேர் போடுகிறார். மாலையில் அலுவலகத்துக்கு வந்து அதைப் பெரிய செக்ரோலில் ஏற்றுகிறார்கள். இன்னார், இன்ன எண், இன்ன லயம் என்று பார்த்தவுடன் சொல்லுவது அந்தச் செக்ரோல்தான். கணினியின் வன்தட்டிலும் அப்படியே. ஒரு படமோ பாட்டோ அங்கே ஒரே இடத்தில் மடித்து வைக்கப்படுவதில்லை. நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எழுத்து கொள்ளும் சிறு சிறு காம்பராக்களில் குடியேற்றப்படுகிறது. எந்தப் பெயருக்கு எந்த எண், எந்த எண்ணுக்கு எந்தெந்தக் காம்பரா என்பதைத் தனியே ஒரு பேரேடு சொல்லுகிறது. பேரேடு கெட்டால் குடியிருப்பவர்கள் இறந்துவிடுவதில்லை. அவர்கள் இருக்கும் இடந்தான் தெரியாமற் போகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. “எழுதியாயிற்று” என்று திரை சொல்லும்போது உண்மையில் தட்டில் எழுதியாகியிருக்காது. கணினி அதைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு, ஆறுதலாகச் சேர்த்து எழுதுகிறது. நமது கணினியில் ஓடுவது லினக்ஸ். அதில் இந்தத் தாமதம் வழக்கமாக அரை நிமிஷம் வரை போகலாம். கைப்புத்தகத்தில் இருப்பதைச் செக்ரோலில் ஏற்றுமுன் விளக்கு அணைந்தது போன்ற நிலை அது.

இதை அறிந்தே, பேரேட்டைத் திருத்துமுன் என்ன திருத்தப் போகிறோம் என்பதை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவைக்கும் முறையைப் புகுத்தினார்கள். லினக்ஸின் கோப்பமைப்பில் இது 2001ஆம் ஆண்டளவில் பொதுவழக்காயிற்று. மின்சாரம் போய் வந்தால் கணினி அந்த நாட்குறிப்பைப் படித்து, முடித்ததை முடித்ததாகவும் முடிக்காததைத் தொடங்காததாகவும் கொண்டு பேரேட்டை நேராக்கிக்கொள்ளும். நூற்றில் தொண்ணூறு தடவை இது நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. ஆனால் அந்த நாட்குறிப்பு காப்பது பொதுவாகப் பேரேட்டின் ஒழுங்கை மாத்திரமே. உள்ளே இருப்பவர்களின் நலத்துக்கு அது பிணை நிற்பதில்லை. மேலும், தட்டுப் பழையதாகி, எழுதிக்கொண்டிருந்த இடத்தில் எழுத்து அரைகுறையாய் நின்றுவிட்டால், அந்த இடத்தைப் பிறகு வாசிக்கவே முடியாமற் போவதும் உண்டு. நமது தட்டுக்குப் பதினொரு வயது.

பிற்பகலில் மின்சாரம் வந்தது. கணினியைப் போட்டோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பேரேட்டில் முரண் இருக்கிறது, கைப்படச் சரிபார்க்கவும் என்று சொல்லி நின்றது. சரிபார்க்கும் ஆணையைக் கொடுத்தோம். உடனே கேள்விகள் தொடங்கின. இந்த எண்ணுக்கு உரியவர் யாருமில்லை, நீக்கவா? இந்தக் காம்பராவுக்கு இருவர் உரிமை கோருகிறார்கள், பிரிக்கவா? ஆம். ஆம். ஆம். நூறு கேள்விக்கு மேல் நாம் வாசிக்கவும் இல்லை. விரலை எழுத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தோம். பரீட்சையில் ஒரு மாணவன் வினாவை வாசியாமல் எல்லாவற்றுக்கும் “சரி” என்று அடையாளமிட்டால் நாம் என்ன சொல்லுவோம் என்பது நமது வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பணி பாதியில் இருக்கையில் மின்சாரம் இரண்டாம் முறை போயிற்று. தட்டிலிருந்து கடக், கடக் என்று ஓர் ஒலி கேட்டது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் மின்வெட்டு. நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையத்து இயந்திரங்கள் அன்றைய அதிர்ச்சியில் நின்றுவிட்டமையால், நாடெங்கும் முறை வைத்து நிறுத்தினார்கள். தைப்பூசத்தன்று கோயிலில் நின்றபோதும் அந்தக் கடக் கடக்தான் காதில் கேட்டது. இரவில் மீண்டும் போட்டுப் பார்த்தோம். கோப்புறைகள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. தொலைந்து கிடைத்தவை என்று பொருள்படும் பெயருடைய ஒரு கோப்புறை மட்டும் இருந்தது. அதனுள் பெயரில்லாத, எண் மட்டுமே கொண்ட கோப்புகள் சில நூறு. எஞ்சிய ஆயிரங்களைக் காணவில்லை.

கொழும்பில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறார் நமது பழைய மாணவர் ஒருவர். லயத்துக் காம்பராவில் குப்பிலாம்பு வைத்துப் படித்தவர். அவரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

“சேர், கரண்ட் வந்ததும் செக் பண்ணப் போட்டீங்களா?”

“போட்டேன்.”

“எல்லாத்துக்கும் ஆமான்னு குடுத்தீங்களா?”

நாம் மௌனமாக இருந்தோம்.

“பரவாயில்ல சேர். இனி அதைத் தொட வேணாம். பிளக்கைக் கழட்டிடுங்க. ஒண்ணுமே எழுதப்படாது அதுல. சனிக்கிழமை வாரேன்.”

அந்த நான்கு நாட்களில் நமது மனம் போன போக்கை எல்லாம் எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. ஒன்று சொல்லலாம். ஈழத்துத் தமிழ் ஏடுகளை எண்வடிவில் சேமித்துவரும் நூலகம் நிறுவனம் 2005ஆம் ஆண்டிலிருந்தே இயங்கிவருகிறது. அங்கே ஒரு பிரதி சேர்ப்பித்துவிடுங்கள் என்று நண்பர்கள் எத்தனையோ முறை சொன்னார்கள். ஒழுங்குபடுத்திவிட்டுக் கொடுக்கிறேன் என்று நாம் தள்ளிப்போட்டோம். 1981 ஜூன் முதலாந் திகதி யாழ்ப்பாணத்துப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததையும், அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் கிடந்ததையும் ஒவ்வோர் ஆண்டும் மாணவருக்குச் சொல்லி வந்தவர் நாமே. அரசாங்கத்தின் மின்னஞ்சல்களே 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலானவை ஒரு தீய நிரலினால் முடக்கப்பட்டு, பிரதி இல்லாமையால் மீளாமற் போயினவே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தோம். பெரியவர்களும் தவறுவார்கள் என்பதில் அக்கிழவியின் பேத்திக்கு என்ன ஆறுதல்?

சனிக்கிழமை அவர் வந்தார். பையில் புதியதொரு தட்டு, மடிக்கணினி, மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி. வந்ததும் பழுது பார்ப்பார் என்று எதிர்பார்த்தோம். பார்க்கவில்லை. “முதல்ல கொப்பி எடுத்துக்குவோம் சேர். அப்புறம் கொப்பியிலதான் வேலை. ஒரிஜினலைத் தூக்கி வெச்சிருவோம்” என்றார்.

அந்த வேலைக்கு அவர் பயன்படுத்திய நிரலை எழுதியவர் அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர். காசு வாங்காமல் உலகத்துக்கு விட்டிருக்கிறார். அதன் போக்கைப் பார்த்திருந்தால் தோட்டத்துப் பெரிய கங்காணி ஒருவரின் நிதானம் தெரியும். சுலபமாக வரும் இடங்களையெல்லாம் முதலில் வாரிக்கொள்ளுகிறது. வாசிக்க மறுக்கும் இடத்தில் நின்று மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகிறது. எங்கே தாண்டினோம் என்று குறித்தும் வைக்கிறது. நடுவில் நின்றுபோனாலும் மறுபடி தொடக்கத்துக்குப் போக வேண்டியதில்லை. நல்ல இடங்கள் மூன்று மணிநேரத்தில் முடிந்தன. ஊசிமுனையளவாகத் திரையில் தெரிந்த எஞ்சிய பகுதிக்கு அன்றிரவும் மறுநாள் பகலும் போதவில்லை. நோயுற்ற தட்டு எந்த நேரமும் அடியோடு நிற்கலாம். ஆதலால் கிடைக்கக்கூடியதை முதலில் வாங்கிக்கொள்ளுவதுதான் முறை என்று விளக்கினார். சுழலும் பகுதியே இல்லாத இக்காலத்துத் தட்டுகளில் அழிந்ததை மீட்பது இதனினும் அரிது என்றும் சொன்னார்.

அவ்விரவு இருவரும் விழித்திருந்தோம். நமது “ஆம், ஆம்” எங்கே தவறாயிற்று என்று கேட்டோம்.

“சேர், அந்தச் செக் பண்ணுற வேலை நம்ம பொருளைக் காப்பாத்த வந்ததில்ல. பேரேட்டை நேராக்க வந்தது. ஒத்துவராத பேரை வெட்டிட்டாப் பேரேடு நேராயிரும்தானே?”

சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் பேசாதிருந்தார். நாமும் பேசவில்லை. பேரேடு நேராக வேண்டும் என்பதற்காகப் பேர் வெட்டப்பட்ட சனங்களின் பேரப்பிள்ளைகள் நாம் இருவரும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பனார் இந்நாட்டில் பிறந்ததை, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. லயம் இருந்தது, காம்பரா இருந்தது, காம்பராவில் ஆள் இருந்தார், மலையில் அவர் பேர் விழுந்தது. நாட்டின் பேரேட்டில் மாத்திரம் அவருக்கு இடமில்லை. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி இரு நாட்டுப் பிரதமர்களும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. எஞ்சியிருந்தவர்களைச் சேர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்கிடையில் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களில் இந்த மாவட்டத்து லயங்கள் பட்ட பாட்டில் பெட்டிகளும் எரிந்தன. 2003 மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் வேறு. அத்தனைக்கும் தப்பிய கடதாசிகளைத்தான் மாணவர் படமெடுத்தார்கள். அவற்றைத்தான் நாம் ஒரு விரலால் வெட்டிக்கொண்டிருந்தோம்.

பிரதி முடிந்தது. பழைய தட்டை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, பிரதியின் மேல் வேலை தொடங்கியது. பேரேட்டின் முதற்பக்கம் கெட்டிருந்தது. கோப்பமைப்பை வகுத்தவர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அந்த முதற்பக்கத்தின் பிரதிகள் தட்டின் உள்ளேயே வேறு வேறு இடங்களில் ஒளிந்துகிடக்கின்றன. நமது தட்டில் முதற்பிரதி 32,768ஆம் காம்பராவில் இருந்தது. அதைக் கொண்டு பேரேட்டின் ஒரு பகுதியைத் திறக்க முடிந்தது. பலாங்கொடைப் பக்கத்துக் கோப்புறைகள் பெயரோடு வந்தன. அப்பொழுது நம் வீட்டில் பொங்கல் வைக்காத குறைதான்.

மற்றவற்றுக்குப் பேரேட்டை நம்பிப் பயனில்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதான். அந்த வேலைக்குக் கிறிஸ்தோப் கிரெனியே என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதிய நிரல் உதவிற்று. எந்தக் கோப்புக்கும் அதன் இனத்தைக் காட்டும் நெற்றிக்குறி உண்டு. படம் என்றால் 255, 216, 255 என்ற மூன்று எண்களோடு தொடங்கும். ஒலிப்பதிவுக்கு வேறு குறி. பேரேடு என்ன சொல்லுகிறது என்று கேளாமல், தட்டின் முதற்காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரை நடந்து, அந்த நெற்றிக்குறி தெரிகிற இடத்திலெல்லாம் கதவைத் திறந்து உள்ளிருப்பதை வெளியே அழைக்கிறது அந்நிரல். வந்தார்கள், ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் பெயரில்லை. பெயர் பேரேட்டில் இருந்தது, ஆளோடு இல்லை.

இந்த இடத்தில் தில்லையில் தேவாரம் கண்ட வரலாறு நினைவுக்கு வந்தது. திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை வாசகர் அறிந்ததே: சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது, எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எடுத்தார்கள், செல்லரித்தது போக எஞ்சியது கிடைத்தது. அந்த எண்ணெயைப் பற்றி நாம் முன்பு யோசித்ததில்லை. மண்வெட்டியால் கொத்தியிருக்கலாம், கொத்தினால் ஏடும் சேர்ந்து போயிருக்கும். பாட்டுக் கிடைத்தும் பண் மறைந்திருந்ததனால், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுப்பித்தார்கள் என்றும் அப்புராணம் கூறும். மாணவருக்குப் பல முறை சொன்ன கதைதான். ஏட்டோடு அழிவதும் உண்டு, ஆளிடம் தங்குவதும் உண்டு என்று அதிலே இருப்பதை அன்றுதான் கண்டோம்.

பெயரில்லாத படங்களுக்குப் பெயரிட என்ன வழி? நம்மைக் காத்தவை ஏழு சீ. ஆர். கொப்பிகள். களத்துக்குப் போகும்போது திகதி, நேரம், தோட்டம், பிரிவு, லயம், ஆளின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவர வேண்டும் என்று தொடக்கத்தில் ஒரு விதி செய்திருந்தோம். கணினி இருக்கையில் கொப்பி எதற்கு என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், முணுமுணுத்தாலும் எழுதினார்கள். படக்கருவியோ ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாளையும் நேரத்தையும் விநாடி பிசகாமல் பதிந்து வைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெயர் கிடைத்துவிடும். (ஒரே ஒரு கருவியின் கடிகாரம் 2000ஆம் ஆண்டு ஜனவரியிலேயே நின்றிருந்தது. அதன் சொந்தக்காரன் வகுப்புக்கும் பிந்தித்தான் வருவான்.)

மார்ச் தொடங்கி ஜூன் வரை, பாடசாலை விட்டபின் நாலைந்து பேராக வந்து அமர்ந்து இந்த வேலையைச் செய்தார்கள். சில படங்களைக் கொப்பி கைவிட்டது, கண் கைவிடவில்லை. ஒரு கடதாசியைப் பிடித்திருக்கும் இரண்டு விரல்கள் மாத்திரம் தெரிந்த படத்தைக் கண்டு ஒரு மாணவி, “இது எங்க அப்பாயி கை சேர்” என்றாள். பித்தளை மோதிரம் அடையாளம். அந்தக் கடதாசி அவள் பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழ். பெட்டியில் இருந்த மூலத்தைக் கறையான் தின்று இரண்டு வருடமாயிற்றாம்.

இறுதிக் கணக்கில் படங்களுள் ஐம்பதோ அறுபதோ தவிர மற்றவை மீண்டன. ஒலிப்பதிவுகளுக்கு அத்தனை அதிர்ஷ்டமில்லை. அவை நீளமானவை, தட்டில் பல இடங்களில் சிதறிக் குடியிருப்பவை. அடுத்த துண்டு எங்கே என்று சொல்லும் பேரேடு போனதால், தலை கிடைத்து உடல் கிடைக்காதவை ஏழு. அடியோடு போனவை ஐந்து. பிள்ளைகள் கொப்பியில் புதிதாக ஒரு நிரை கோடு போட்டு, முழுதாக வந்ததற்கு “பேர்” என்றும், பாதி வந்ததற்கு “அரைப்பேர்” என்றும் குறித்தார்கள். தோட்டம் அறியாத வாசகருக்குச் சொல்லுகிறோம்: பேர் என்றால் ஒரு நாட்சம்பளம். கொழுந்து நிறை போதவில்லை என்றால் பாதிச் சம்பளம், அதுவே அரைப்பேர். அந்தச் சொல்லுக்காகத் தாயும் பாட்டியும் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்றதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

தெஹியோவிட்டக் கிழவியின் தாலாட்டு அரைப்பேர். பதினொரு நிமிஷத்தில் நாலரை நிமிஷம். இது மார்ச் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

மாசிக் கடைசியில் திவசம். கொப்பி எழுதும் மாணவர் இருவரோடு நாமும் போனோம். இறப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்விடும் பருவம். செக்கச் சிவந்த தளிர். படையல் முடிந்ததும் இஸ்தோப்பில் பாய் விரித்து அமர்ந்தார்கள். கிழவியின் இரண்டு பெண்மக்கள், பேரப்பிள்ளைகள், பக்கத்துக் காம்பராக்காரர்கள். பாதிதான் இருக்கிறது, தவறு நம்முடையது என்று சொல்லிவிட்டே ஒலியைத் திறந்தோம். முதலில் ஓர் இருமல், பிறகு, “பதியுதா தம்பி?” என்று ஒரு கேள்வி, பிறகு பாட்டு. மூத்தமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நாலரை நிமிஷத்தில், ஒரு சொல்லின் நடுவிலே, குரல் அறுந்தது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் இளையமகள், பக்கத்தில் யாரும் இல்லாதவர் போல, விட்ட சொல்லிலிருந்து தொடங்கிப் பாடினார். இரண்டு அடி போவதற்குள் மூத்தவர் குறுக்கிட்டார்.

“அது இல்லடி. அம்மா அப்படிப் பாடாது.”

“எனக்கு அப்படித்தான் பாடுச்சு.”

“ஒனக்குப் பாடுனது வேற. எனக்குப் பாடுனத நீ எங்க கேட்ட? நீ பொறக்கவே இல்ல.”

கூட்டம் சிரித்தது. மூத்தவர் தமக்குப் பாடியதைப் பாடிக் காட்டினார். மெட்டு ஒன்று, சொல் வேறு. மூத்தவரின் பாட்டில் தாய்மாமன் வந்தார். இளையவரின் பாட்டில், அதற்குள் கப்பலேறிவிட்ட அந்த மாமனைத் தேடுவது வந்தது. நாம் சாடை காட்டுமுன்பே மாணவன் பதிகருவியைத் தட்டி வைத்திருந்தான்.

புறப்படும்போது, கொப்பி வைத்திருந்த மாணவி கேட்டாள்: “சேர், ஆயாவுக்கு இப்ப முழுப்பேர் போடலாமா?”

“அது அரைப்பேராகவே இருக்கட்டும் பிள்ளை. இதற்கு இரண்டு புதுப் பேர் போடு” என்றோம்.

லயத்தின் முன்னாலேயே நின்று திகதியும் நேரமும் இரு மகள்மாரின் பெயர்களும் எழுதினாள். இறங்கி வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த முக்கால் மணிநேரத்தில் பதிவின் ஒரு பிரதி பேத்தியின் தொலைபேசிக்கும் ஒன்று கொழும்பிலிருக்கும் மாணவருக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதை நூலகத்துக்கு அன்றிரவே அனுப்பினோம். ஒழுங்குபடுத்தவில்லை, எண்ணோடேதான் போயிற்று.